சந்தனம் வைத்த கேசட்

குப்புராஜ் வந்து உட்கார்ந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். மரியாதைக்காக அல்ல. அவர் தோளில் தொங்கும் ரெக்சின் பைக்குள் இருக்கும் சின்ன டேப் ரிக்கார்டரில் சிவப்புப் பொத்தான் அழுத்தியிருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. "மைக்கு வந்துடுச்சு, பாத்துப் பேசுங்கப்பா" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். குப்புராஜும் கூடச் சிரித்துக்கொண்டே பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். ஊரில் எழும் சத்தத்தையெல்லாம் சேர்த்து வைத்த மனிதர், ஆனால் அவரிடம் மனம்விட்டுப் பேச ஊரில் ஆள் கிடையாது.

பாலக்கோடு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடுகிற இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் செட் வாங்கினார். அந்தக் காலத்தில் செட் வாங்கியவர்கள் எல்லாம் கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிவு செய்துகொண்டு வந்து ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். குப்புராஜுக்குப் பாட்டில் நாட்டமில்லை. தகரக் கூரையில் விழும் மழையைப் பிடித்தார். ஆலைச் சங்கைப் பிடித்தார். தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவனின் மூச்சிரைப்பைப் பிடித்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் நாதஸ்வரத்தை விட்டுவிட்டு, சமையல்கட்டுக்குப் பின்னால் ரசம் பற்றாமல் போனதற்கு இரண்டு சம்பந்திகளும் போட்ட சண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் தொண்டையைச் செருமி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி இடத்தையும் நாளையும் சொல்லி, "பதிவு செய்பவர் குப்புராஜ்" என்று முடிப்பார். "ஆமா, டில்லியில காத வச்சுக் கேட்டுட்டு இருக்கறாங்க" என்பாள் அவர் மனைவி சாலம்மாள்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பிடித்ததை அழிக்கக் கூடாது. கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. குப்புராஜ் ஒரு கேசட் நிறைந்ததும் முதல் வேலையாக ஸ்குரூ டிரைவரால் அந்தக் காதை ஒடிப்பார். "மனுசன் நேத்து சொன்னத இன்னைக்கு மாத்துவான். டேப்பு பொய் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் தலைக்கனத்துக்கு விலையும் கொடுத்தார். பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை விடுவது பற்றி அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் தகராறு வந்தது. அப்படி ஒரு வாக்கே நான் கொடுக்கவில்லை என்று அண்ணன் பஞ்சாயத்தில் துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்யப் போனான். குப்புராஜ் செட்டை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அண்ணன் வாக்குக் கொடுத்தது அவன் குரலிலேயே கேட்டது. அன்றோடு அண்ணன் வீட்டார் அவரிடம் பேச்சை விட்டார்கள். தண்ணீர் கிடைத்த தம்பியும் விட்டான். நாளைக்கு நம் பேச்சையும் இப்படிப் போட்டுக் காட்டினால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம்.

இப்போது புதுக் கேசட் எங்கேயும் கிடைப்பதில்லை. பாலக்கோட்டில் பழைய இரும்புக் கடையில் யாரோ போட்டுவிட்டுப் போன பக்திப் பாட்டுக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, ஒடிந்த காதுகள் இருந்த குழியில் காகிதத்தை ஒட்டி, அதில் பதிவு செய்கிறார். ஓசூரில் இருக்கிற மகள் கலைச்செல்வி ஒரு போன் வாங்கித் தந்து, "இதுலயே எல்லாம் பதிவாகும்பா" என்றாள். "வெரல் பட்டா அழிஞ்சு போறதுல என்னத்தப் பதியறது" என்று அதைச் சார்ஜ் போடாமலே வைத்துவிட்டார். உள் அறையில் கட்டிலுக்குக் கீழே, பரண்மேல், அரிசி டிரம்முக்குப் பின்னால் எல்லாம் கேசட்டுகள். அவற்றைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் வருவாள். முனியம்மாள்.

முனியம்மாள் பின் தெருக்காரி. தக்காளித் தோட்டங்களில் பழம் பறிக்கப் போகிறவள். புருஷன் செத்து வெகுநாள் ஆகிறது. ஒரே மகன் சத்யராஜ், பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், எட்டு வருஷமாகத் திரும்பவில்லை. கூடப் போனவர்களைக் கேட்டால், வேறு சைட்டுக்கு மாறிப் போனான், அப்புறம் தெரியாது என்றார்கள். போலீசில் சொன்னாள், போட்டோ கொடுத்தாள், அதோடு சரி. அவன் காணாமல் போன அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகையில் சாமியாடி மாதுவுக்கு அருள் வந்திருந்தபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக் கரகத்தையும் தீச்சட்டியையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஏழைப் பொம்பளையின் அழுகையை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. குப்புராஜின் பைக்குள் மட்டும் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பம்பை அடிக்கிறது. முனியம்மாள் அழுகிறாள். மாதுவின் குரல், அவர் குரல் போலவே இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து வருகிறது: "அழுவாத! ஒன் வயித்துல பொறந்தவன் உசுரோட இருக்கறான். என் வாசலுக்கு அவனா நடந்து வருவான்." உடனே முனியம்மாளின் குரல் கேட்கிறது, "எப்ப சாமி? எப்ப வருவான்?" அதற்குள் பம்பை எகிறிவிடுகிறது. அடுத்த ஆள் முட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறான். அவ்வளவுதான் அந்தப் பதிவு.

அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் வருவாள். அமாவாசை என்றால் செத்தவர்களுக்கு இலை போடுகிற நாள். புருஷனுக்கு இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நேராக இங்கே வருவாள். "காணாமப் போனவனுக்கும் ஒரு இலையப் போட்டுடு, அலையாம இருக்கட்டும்" என்று சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தார்கள். "சாமி வருவான்னு சொல்லியிருக்குது. கேசட்டுல இருக்குது, வேணும்னா போயி கேளுங்க" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

வந்தால் செட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். கண்ணை மூடிக் காதைக் கிட்டத்தில் கொண்டுபோவாள். ஒரு தடவைதான் கேட்பாள், இரண்டாவது தடவை போடச் சொல்ல மாட்டாள். முடிந்ததும் கேசட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவாள். இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று குப்புராஜ் சொன்னபோது கூடாது என்றுவிட்டாள். "சாமி ஒருக்காத்தானண்ணா சொல்லுச்சு. அத ரெண்டாக்கக் கூடாது." போனில் ஏற்றித் தருகிறேன் என்று கலைச்செல்வி சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. போனைக் கக்கூசுக்கெல்லாம் கொண்டு போகிறார்களாம்.

குப்புராஜுக்கு அந்த அமாவாசைகள் எத்தனை பெரிய விஷயம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வாழ்நாள் எல்லாம் பிடித்து வைத்த சத்தத்தில் ஒன்றாவது ஒருத்திக்குச் சோறு தண்ணியாக இருக்கிறதே என்பதில் அவருக்கு நெஞ்சு நிறையும். அதைக் கெடுத்ததும் அவரேதான்.

போன ஆயுத பூஜைக்குச் செட்டைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். செட்டுக்கு வைப்பதோடு சரி, கேசட்டுக்கு எப்போதும் வைக்க விடமாட்டார். ஈரம் பட்டால் டேப் போச்சு என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் சாலம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, "இரும்புப் பொட்டிக்கு வைக்கறோம். ஆத்தாவே பேசற கேசட்டுக்கு வைக்காம வுட்டா அடுக்குமாங்க?" என்றாள். குப்புராஜுக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. சாமி விஷயம். சரி, மேல் பக்கம் மட்டும் லேசாக என்று அவரே விரலில் தொட்டு வைத்தார். சந்தனத்தில் தண்ணீர் அதிகம். கேசட்டை வாழை இலைமேல், பொரி கடலைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில், டேப் வெளியே தெரிகிற பக்கம் கீழாக நிறுத்தி வைத்தார்கள். அதன்மேல் சாலம்மாள் மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. அவர்களும் தொடவில்லை.

தீபாவளி அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சரிபார்க்கலாம் என்று போட்டார். முனியம்மாள் கேட்டு முடித்த இடத்திலேயே டேப்பை நிறுத்தி வைத்திருந்தார், அதுதான் வழக்கம். பின்னால் சுற்றும்போதே கறக் கறக் என்று சத்தம் வந்தது. அவர் நிறுத்துவதற்குள் செட் டேப்பை இழுத்து மென்றுவிட்டது. ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார். வாக்கு இருந்த அந்தப் பாகம் முழுவதும் சந்தனத்தில் ஊறிக் காய்ந்து ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருந்தது. பஞ்சால் துடைத்தால் சந்தனத்தோடு டேப்பின் பழுப்புப் பூச்சும் உரிந்து வந்தது. கையில் மிஞ்சியது கண்ணாடி மாதிரி வெறும் நாடா. முன்னால் இருந்த பம்பைச் சத்தமும் முனியம்மாளின் அழுகையும் மட்டும் பிழைத்திருந்தன. குப்புராஜ் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறி இண்டூருக்குப் போனார். சாமியாடி மாது இப்போது மகள் வீட்டில் அங்கே இருக்கிறார். தள்ளாத வயது, சாமி ஆடுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முழுவதையும் கேட்டார்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க மாது அண்ணா. செட்டு கொண்டாந்திருக்கறேன்."

"என்ன சொன்னேன்னு எனக்கென்னப்பா தெரியும்? மேல வந்தப்ப பேசினது. எறங்கினப்புறம் எம்பொண்டாட்டியத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்."

"நான் சொல்லித் தர்றேன். அப்படியே சொன்னாப் போதும்."

மாது புளியைக் கீழே வைத்தார். "இப்ப நான் சொன்னா அது எம்பேச்சு குப்புராசு. எம்பேச்சக் கேக்கறதுக்கா அவ இத்தன வருசமா வந்து உக்காந்தா? அறுந்துபோச்சுன்னு அவகிட்டயே சொல்லிடு. அழுவா. அழுதுட்டுப் போவட்டும்."

சரியான யோசனை. குப்புராஜும் அப்படித்தான் நினைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரிலேயே முனியம்மாள் துணிக்கடைப் பையோடு நிற்கிறாள். தீபாவளிக்கு மகனுக்குச் சட்டை எடுத்திருக்கிறாள். எட்டு வருஷமும் எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், வந்தால் போட்டுக்கொள்ள.

"அண்ணா, நல்ல வேளை வந்தீங்க. செத்த திரும்புங்க. எம்பையனும் உங்க ஒசரந்தான், உங்க தோளுதான்." பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை அவர் முதுகில் வைத்து, தோளுக்குத் தோள் இழுத்துப் பார்த்தாள். "சரியா இருக்கும்" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகளோடு குப்புராஜ் வீடு வந்து சேர்ந்தார்.

சாலம்மாள் நூறுநாள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவர் கதவைச் சாத்தினார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். வேறொரு வருஷப் பண்டிகையில் பிடித்த பம்பைச் சத்தத்தைப் பெரிய செட்டில் ஓடவிட்டு, சின்ன செட்டில் பதிவை அழுத்தி, மாதுவின் அடித்தொண்டையைத் தன் தொண்டையில் கொண்டுவந்து, "அழுவாத!" என்றார். இருமல் வந்தது. திரும்பவும் முதலிலிருந்து பிடித்தார். அத்தனை வருஷம் கேட்ட காது அல்லவா, குரல் அப்படியே அமைந்துவிட்டது. பிழைத்திருந்த பழைய டேப்போடு புதியதை வெட்டி ஒட்டி, அதே கேசட் கூட்டுக்குள் வைத்து முடுக்கினார். மேலே சந்தனப் பொட்டுக்கூட அப்படியே இருந்தது. "எப்ப சாமி" என்று முனியம்மாள் கேட்பதை மட்டும் வைக்க முடியவில்லை. அந்தக் குரலுக்கு எங்கே போவது? போனால் போகிறது, வாக்குதானே முக்கியம் என்று எண்ணிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இடமும் நாளும் சொல்லாமல், பதிவு செய்பவர் பெயர் சொல்லாமல் ஒரு பதிவு செய்தார்.

தீபாவளி அமாவாசையன்று முனியம்மாள் வந்தாள். தட்டில் அதிரசம் கொண்டுவந்து சாலம்மாளிடம் கொடுத்துவிட்டுச் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்புராஜ் பொத்தானை அழுத்தினார். பம்பை. அழுகை. "அழுவாத! ஒன் வயித்துல பொறந்தவன் உசுரோட இருக்கறான். என் வாசலுக்கு அவனா நடந்து வருவான்." அவள் முகம் மாறவில்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பம்பை ஓடிக்கொண்டே இருந்தது. முனியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"நான் எங்கண்ணா?"

"என்னம்மா?"

"நான் கேப்பனே, எப்ப சாமின்னு. அது எங்க?"

குப்புராஜ் செட்டை நிறுத்தினார். இனி மறைத்துப் பயனில்லை. சந்தனம் வைத்தது, டேப் உரிந்துபோனது, மாதுவிடம் போனது எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சாலம்மாள் நடுவில் வந்து, "எல்லாம் நான் பண்ண தப்பு முனியம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முனியம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அறுந்துபோச்சுன்னா அறுந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாமே. வேற கொரலு எதுக்குண்ணா போட்டீங்க?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"நான் அந்த வாக்கக் கேக்க வரலீங்கண்ணா. அது எனக்கு மனப்பாடம். நான் கேட்டதுக்கு அப்புறம் பம்பை அடிக்குது பாருங்க, அதுக்கு அடியில ஆத்தா என்னமோ சொல்றா. எப்ப வருவான்னு சொல்றா. எட்டு வருசமா காத வச்சுக் கேக்கறேன், எனக்குப் புடிபடல." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்க காதுக்குப் புடிபட்டுடுச்சு. இல்லீங்களா?"

"அங்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் பம்பைதான். சத்தியமா."

"ஒரு கேசட்டக்கூட அழிக்காத மனுசன் நீங்க. ஒரு பொய் பேச மாட்டீங்க. நீங்களே அத அழிச்சுட்டு வேற போட்டிருக்கறீங்கன்னா..." செட்டுக்குள் இருந்த கேசட்டைப் பார்த்தாள். "நல்ல பதிலா இருந்தா சொல்லியிருப்பீங்கண்ணா" என்றாள்.

எழுந்து போய்விட்டாள். குப்புராஜ் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், தெருவில் நின்று, "முனியம்மா, இல்லம்மா, அப்படி இல்ல" என்று கத்தினார். அக்கம்பக்கத்தில் பட்டாசுச் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனார். கெட்டுப்போன டேப்பையே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "வச்சுக்கங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோபம் இல்லை, சண்டை இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

கார்த்திகை அமாவாசை வந்தது. காலையிலிருந்தே செட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைப் போட்டுக் காட்ட என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மதியம் தாண்டியும் முனியம்மாள் வரவில்லை. அவரே செருப்பை மாட்டிக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தார்.

வாசல் கூட்டிச் சாணி தெளித்திருந்தது. உள்ளே சுவரில் புருஷன் படத்துக்குப் பக்கத்தில், போலீசுக்குக் கொடுத்த அதே போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். மாலை போட்டிருந்தது. கீழே இரண்டு இலை. ஓர் இலைக்கு முன்னால் எட்டுச் சட்டைகளும் அடுக்கியிருந்தன. மேலாக அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, காலரில் மஞ்சள் தடவி. சூடம் எரிந்து முடிந்திருந்தது. கூரைமேல் காக்கை சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. வைத்த உடனே வந்து எடுத்துக்கொண்டதாம். பக்கத்து வீட்டுப் பொம்பளை அதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

"அவன் உசுரோட இருக்கறானா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் குப்புராஜ். "ஆனா அந்த டேப்புல பதில் இல்ல. நான் வெறும் பம்பையத்தான் கேட்டேன். நம்பும்மா."

"உடுங்கண்ணா" என்றாள் முனியம்மாள். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்களே மனசுல வச்சுக்கிட்டுக் கஷ்டப்பட்டீங்க. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான். நல்லா இருப்பீங்க."

நாற்பது வருஷம் உண்மையை மட்டுமே பிடித்து வைத்தவர் என்பதற்காக ஊர் அவரை ஒதுக்கியது. அந்த உண்மையை ஒருத்தியாவது நம்ப வேண்டிய நாளில் அவர் வாய்க்கு மதிப்பில்லாமல் போனது.

முனியம்மாள் குனிந்து நீலச் சட்டையை எடுத்து உதறினாள். "படைச்ச துணிய யாராவது உடுத்தணும். உங்களுக்குத்தாண்ணா அளவு சரியா இருக்கும். போட்டுக்கிட்டு ஒக்காருங்க, சோறு போடறேன்." சட்டையை நீட்டியபடி நின்றாள். பக்கத்து வீட்டுப் பொம்பளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்புராஜ் தன் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். முனியம்மாளே கிட்ட வந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். தோள் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவர் சத்யராஜின் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார், அவள் சோறு போட்டாள்.